தீவுகளில் வாக்காளர் கல்வி: ஆராயத் தக்க கேள்வி எது?

மாநில அரசு எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கும் அத்தியாயம் ஒன்று ஏழாம் வகுப்புக் குடிமையியல் பாடநூலில் நெடுங்காலம் இருந்து வந்தது. எம்.எல்.ஏ. என்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார், பெரும்பான்மை பெற்ற கட்சியிலிருந்து முதலமைச்சர் எப்படி வருகிறார், சட்டசபையில் எழும் கேள்விகளுக்கு மந்திரிகள் எவ்வாறு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பனவெல்லாம் அதில் எளிமையாகவே சொல்லப்பட்டிருந்தன. சென்னையிலோ மதுரையிலோ அந்தப் பாடத்தைப் படித்த பிள்ளை, தெருமுனைச் சுவரொட்டியைக் காட்டி, ‘இவர்தான் எங்கள் எம்.எல்.ஏ.’ என்று சொல்லிவிடக் கூடும். அதே பாடத்தை மாயாபந்தரிலோ, ஹட்பேயிலோ, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் பெற்ற போர்ட் பிளேரிலோ உட்கார்ந்து படித்த பிள்ளை யாரைக் காட்டும்? அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது, எம்.எல்.ஏ.யும் இல்லை, முதலமைச்சரும் இல்லை. மத்திய உள்துறையின் கீழ்த் துணைநிலை ஆளுநர் நிர்வாகம் நடத்துகிறார். தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஓர் இடம் உண்டு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஓர் அதிகாரம், தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் தன் வோட்டினால் நிரப்பப்படப் போவதில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாக்காளர் கல்வியைப் பற்றி ஆராய விரும்பும் தீவுக் கல்லூரி மாணவர் எந்த இடத்திலிருந்து தம் கேள்வியைத் தொடங்க வேண்டும் என்று நான் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஏழாம் வகுப்புப் பாடமே முதலில் என் நினைவுக்கு வருகிறது. வழக்கமாக அவர் எழுதிக்கொண்டு வரும் தலைப்போ, ‘அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாக்காளர் கல்வியின் பங்கு’ என்பதைப் போன்று இருக்கும். இது தலைப்புதானே தவிர கேள்வி அன்று. பங்கு உண்டு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்குச் சாட்சியம் திரட்டப் புறப்படுகிற எழுத்து, எவ்வளவு பக்கம் நீண்டாலும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும். ‘இல்லை’ என்ற விடை வருவதற்கும் இடம் கொடுப்பதே கேள்வி. அந்த விடை வந்தாலும் படிப்பவருக்கு ஏதோ ஒன்று புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும். அவ்விதமான கேள்வியை இந்த விஷயத்தில் எங்கே தேடுவது என்பதைக் காண, வாக்காளர் கல்வி என்ற சொற்றொடர் நம் தேசத்தில் என்னென்ன பொருளில் வழங்கி வந்திருக்கிறது என்பதையும், அது பிற நாடுகளில் எவ்வாறு பரிசோதிக்கப்பட்டது என்பதையும், தீவுகளின் வோட்டுரிமைக்கே உரிய தனிச் சரித்திரத்தையும் ஒருங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

சரித்திரத்திலிருந்து தொடங்குவோம். 1951-52இல் சுதந்திர பாரதம் தன் முதல் பொதுத் தேர்தலை நடத்தியபோது, பதினேழு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள், அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள், பட்டியலில் இடம்பெற்றிருந்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவரது சின்னத்தை ஒட்டி, சீட்டை விரும்பிய பெட்டியில் போட்டாற் போதும் என்று ஏற்பாடு செய்த தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னுக்கு வேறொரு தொல்லை காத்திருந்தது. வட மாகாணங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி என்றும் இன்னாருடைய தாய் என்றும் மட்டுமே பதிவு செய்துகொண்டார்கள். அவ்வாறான பதிவுகளை ஏற்பதில்லை என்று சென் உறுதியாக நின்றதால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடுமையான தீர்மானம் என்று அக்காலத்திலேயே பலர் நினைத்திருப்பார்கள். ஆயினும் நம் நாட்டு வாக்காளர் கல்வியின் முதல் பாடம் அதுவே என்று கருதுகிறேன்: வோட்டுப் போடுவதற்கு முன்னால் ஒருத்தி தன் பெயரைத் தானே சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெருந்தேர்தல் தீவுகளை எட்டவில்லை. மக்களவையில் தீவுகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை ராஷ்டிரபதியே நியமனத்தால் நிரப்பினார். நிக்கோபாரியரின் பெருமதிப்புக்குரிய கிறிஸ்தவப் பெரியாரான ஜான் ரிச்சர்ட்சன் 1952இல் அவ்விதம் நியமனம் பெற்றார். சிறந்த மனிதர்தாம், ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடைய ஜனங்களிடம் விடப்படவில்லை. ஒன்றியப் பிரதேசங்களுக்கு நேரடித் தேர்தல் அளித்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், 1967இல்தான் தீவுவாசி முதன்முதலாகத் தம் எம்.பி.யைத் தாமே தேர்ந்தெடுத்தார்; அந்த இடத்தை கே. ஆர். கணேஷ் வென்றார். மற்றப் பகுதியினருள் பெரும்பாலோர் மூன்று பொதுத் தேர்தல்களில் பழகிய பிறகே இவர்கள் நான்காவதில் சேர்ந்துகொண்டார்கள் என்பதை ஆராய்ச்சியாளர் குறித்துக்கொள்ள வேண்டும். 73ஆம், 74ஆம் அரசியல் சாசனத் திருத்தங்களைத் தொடர்ந்து 1994இல் பஞ்சாயத்து ஒழுங்குமுறையும் நகராட்சி ஒழுங்குமுறையும் பிறந்த பின்னரே, இன்றுள்ள உள்ளாட்சித் தேர்தல் முறை தீவுகளுக்கு வந்தது.

நம் பாஷை பேசுகிறவர்களுக்கு நெருக்கமான இன்னொரு சரித்திரமும் இங்கே உண்டு. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தீவுகளில் வசித்த 3,80,581 பேருள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களுள் ஒரு பிரிவினர் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக இந்தியா வந்தவர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். இலங்கைக்கு 1931இலேயே சர்வஜன வாக்குரிமை கிடைத்துவிட்டது என்பதையும், 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது என்பதையும், மறு ஆண்டு வந்த பிரஜா உரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிடமிருந்து அந்த வோட்டைப் பறித்துக்கொண்டன என்பதையும் நாம் அறிவோம். ஆகவே கச்சாலில் இறங்கிய முதியவர் ஒருவர், வோட்டைக் கையில் வைத்திருந்து, பின் இழந்து, கடலைக் கடந்து வந்து மறுபடி பெற்றவராக இருந்திருக்கக் கூடும். வோட்டின் அருமையை அவருக்குச் சுவரொட்டி ஒட்டியா சொல்லித்தர வேண்டும்? அவருடைய பேரப்பிள்ளைக்கு அந்த நினைவு எவ்வளவு தூரம் கடத்தப்பட்டிருக்கிறது என்பது, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கே போதுமான விஷயம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கச்சாலைச் சின்னாபின்னமாக்கியதால், அக்குடும்பங்களைத் தேடிப் போகும் மாணவர் பல தீவுகளில் அலைய நேரலாம்.

இனித் தற்காலத்துக்கு வருவோம். தேர்தல் ஆணையம் 2009 முதல் ‘ஸ்வீப்’ என்ற பெயரில் வாக்காளர் கல்வியைத் தன் முறையான கடமைகளுள் ஒன்றாக ஏற்று நடத்தி வருகிறது. ஆணையம் பிறந்த ஜனவரி 25ஆம் நாள் 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாயிற்று. 2018இல் பள்ளி, கல்லூரிகளில் தேர்தல் எழுத்தறிவுக் கழகங்கள் தொடங்கப்பட்டன. ஜனவரி முதல் தேதியில் மட்டுமின்றி ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளிலும் பதினெட்டு வயது நிறைவோர் பெயர் சேர்க்கலாம் என்றும், பதினேழு நிரம்பியவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்றும் 2022இல் விதி மாறியது. உறுதிமொழி, கோலப்போட்டி, ஊர்வலம், மாதிரி வாக்குப்பதிவு என்று நடைபெறுகிற காரியங்கள் பல. இவை எல்லாவற்றையும் ‘வாக்காளர் கல்வி’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவதுதான் மாணவர் செய்யும் முதற்பிழை. பெயரைப் பட்டியலில் சேர்ப்பது எப்படி, இயந்திரத்தை அழுத்துவது எப்படி என்று சொல்வது ஒன்று. வோட்டுப் போடுவது புனிதக் கடமை என்று உணர்ச்சியூட்டுவது மற்றொன்று. நான் போடுகிற இந்த வோட்டினால் யாருக்கு என்ன அதிகாரம் போகிறது, அந்த அதிகாரம் என் தெருக் குழாயைத் தொடுமா தொடாதா என்று அறிவது முற்றிலும் வேறானது. முதல் இரண்டும் நிறையவே நடக்கின்றன. மூன்றாவதை நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. ஆராய்ந்து பார்த்தவர்களோ அதனினும் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

வாக்காளர் கல்வி பலித்ததா என்பதை அளக்க, எல்லோரும் எடுத்துக்கொள்ளும் படி வாக்குப்பதிவு விழுக்காடு. இந்தப் படியைக் கையிலெடுக்கும் முன் இருமுறை யோசிப்பது நல்லது. 2011 கணக்கின்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுத்தறிந்த சென்னையில், மத்திய சென்னைத் தொகுதி 2024 மக்களவைத் தேர்தலில் 54 விழுக்காட்டைத்தான் எட்டியது. எழுத்தறிவில் அதற்கு வெகுதூரம் பின்தங்கிய தருமபுரியோ, 81 விழுக்காட்டோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. படித்தவர் வீட்டில் இருக்க, படிக்காதவர் வரிசையில் நிற்கும் இந்த விந்தையை நம் அரசியல் அறிஞர்கள் முன்பே கண்டு எழுதியிருக்கிறார்கள். ஏழையும் எளியவரும் பெருவாரியாக வோட்டளிக்க வருவதை யோகேந்திர யாதவ் 1990களின் ஜனநாயக எழுச்சியின் அடையாளமாகவே விவரித்தார். அறிவு கூடினால் வருகை கூடும் என்ற மேல்நாட்டுச் சூத்திரத்தை இங்கே அப்படியே நம்பி வினாத்தாள் அச்சடிக்கப் போகிறவர், தருமபுரியை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

தீவுகளில் இந்தப் படிக்கு இன்னொரு கோளாறும் உண்டு. 2014இல் 70 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவு, 2019இல் 65 அளவுக்கும், 2024இல் 64 அளவுக்கும் இறங்கியது. பிரசாரம் ஓங்கி வந்த காலத்தில் வருகை சுருங்கியது ஏன் என்று கேட்பது இயல்பே. ஆனால் விழுக்காடு என்பது இரண்டு எண்களின் உறவு. மேலே வோட்டுப் போட்டவர், கீழே பட்டியலில் உள்ளவர். தீவின் பட்டியலில் பெயர் வைத்துவிட்டு, மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் தீவுத் தமிழர் ‘மெயின்லாண்ட்’ என்று சொல்லும் பெருநிலத்துக்குப் போயிருக்கும் இளைஞர் எத்தனை பேர்? சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் ஏறத்தாழ மூன்று நாள்; விமானக் கட்டணமோ மாணவர் கைக்கு எட்டாதது. ஒரு வோட்டுக்காக அத்தனை தூரம் வராதவரை அறியாமை உடையவர் என்று எழுதுவது நியாயமா? இறந்தவர் பெயர் நீங்காமலிருப்பதும், குடிபெயர்ந்தவர் பெயர் இரண்டிடத்தில் இருப்பதும் இதனோடு சேர்ந்துவிட்டால், விழுக்காட்டின் ஏற்ற இறக்கம் வாக்காளரின் மனத்தைக் காட்டுகிறதா, பட்டியலின் தரத்தைக் காட்டுகிறதா என்று சொல்வது கடினம். இதைத் தெளிய விரும்பும் மாணவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலை எடுத்துக்கொண்டு, வாக்குச்சாவடி நிலை அலுவலரோடு வீடு வீடாக நடந்து, பெயர் உள்ளவர்களுள் வாக்குப்பதிவு நாளன்று தீவில் இருந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது. அந்தச் சிறிய எண்ணிக்கை, பெரிய புள்ளிவிவரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லும்.

வெளிநாட்டு ஆராய்ச்சிகள் இவ்விஷயத்தில் நமக்கு என்ன கற்பிக்கின்றன? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் குடிமையியல் வகுப்புகளை ஆராய்ந்து 1968இல் லாங்டன், ஜென்னிங்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முடிவு ஆசிரியர் உலகை வருத்தியது: அவ்வகுப்புகளால் மாணவரின் அரசியல் அறிவிலோ ஈடுபாட்டிலோ சொல்லத்தக்க மாறுதல் இல்லை என்றார்கள். ஆனால் அதே ஆய்வில், கறுப்பின மாணவர்களிடம் மட்டும் அந்த வகுப்புகள் ஓரளவு பலன் தந்திருந்தன. வீட்டிலும் தெருவிலும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவனுக்குப் பாடம் பழங்கதை; கேட்க வாய்ப்பில்லாதவனுக்கு அதுவே புதுச்செய்தி என்று இதை விளக்கினார்கள். முப்பதாண்டு கழித்து நீமியும் ஜன்னும், பள்ளிப் பாடத்துக்குப் பயன் உண்டு என்று மறுத்து எழுதினார்கள். இந்த வழக்கில் இன்றளவும் இறுதித் தீர்ப்பு வரவில்லை. நமக்குப் பயன்படுவது, 1968ஆம் ஆண்டு ஆய்வின் ஓரத்தில் கிடக்கும் அந்த விதிவிலக்கே. ‘வாக்காளர் கல்வி பயன்படுகிறதா’ என்று கேட்பதைவிட ‘யாருக்குப் பயன்படுகிறது’ என்று கேட்பது விவேகம் என்பதை அது காட்டிக் கொடுக்கிறது.

பலனை அளக்கும் முறையிலும் பின்னர் பெரிய மாறுதல் வந்தது. 1998இல் நியூ ஹேவன் நகரில் ஜெர்பர், கிரீன் என்ற இரு பேராசிரியர்கள், சுமார் முப்பதாயிரம் வாக்காளர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுபோல் பிரித்து, சிலரை நேரில் சென்று பார்த்தும், சிலருக்குத் தொலைபேசியில் சொல்லியும், சிலருக்குக் கடிதம் அனுப்பியும், மற்றவர்களை ஒன்றும் செய்யாமல் விட்டும் பார்த்தார்கள். நேரில் வந்து கதவைத் தட்டியவரின் சொல் வருகையைக் கணிசமாக உயர்த்தியது. தொலைபேசியின் சொல் உயர்த்தவில்லை. நம் நாட்டிலும் 2008 தில்லி சட்டசபைத் தேர்தலின்போது, அபிஜித் பானர்ஜி முதலான பொருளாதார அறிஞர்கள், குடிசைப் பகுதிகள் சிலவற்றில் எம்.எல்.ஏ.க்களின் செயல்பாட்டு மதிப்பெண் பட்டியலைச் செய்தித்தாளோடு விநியோகித்துப் பார்த்தார்கள். அது கிடைத்த இடங்களில் வருகை சற்றே கூடியதோடு, நன்றாக உழைத்தவர்களுக்கு வோட்டும் கூடியது. உபதேசத்துக்குப் பதிலாகச் செய்தி கொடுத்தால் மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு இது தக்க சான்று. கல்லூரி மாணவர் இத்தகைய பெரும் பரிசோதனையை நடத்த முடியாது. நடத்த முயலவும் வேண்டியதில்லை. ஒப்பிட ஒரு பிரிவு வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் அவர் கடன் வாங்கிக்கொண்டாற் போதும்.

தீவுகளுக்கு மிகவும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுவது வேறொரு முயற்சி. தேர்தல் நாளன்று பிள்ளைகளும் பெற்றோருடன் வாக்குச்சாவடிக்குச் செல்லும் வழக்கத்தைக் கோஸ்டா ரிகாவில் கண்டு வந்த அரிசோனாக்காரர் சிலர், 1988இல் தம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வகுப்பில் தேர்தலைப் பற்றிப் படித்து, வீட்டில் பெற்றோரிடம் கேள்வி கேட்டு, வாக்களிக்கும் நாளில் உடன் சென்று மாதிரி வோட்டும் போட்டார்கள். இதை ஆராய்ந்தவர்கள், பிள்ளை பேசத் தொடங்கிய வீடுகளில் பெற்றோரும் செய்தியைக் கவனிக்கத் தொடங்கியதைக் கண்டார்கள். கல்வி மேலிருந்து கீழே இறங்கும் என்றுதான் நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அது கீழிருந்து மேலே ஏறியிருக்கிறது. தீவில் எத்தனையோ குடும்பங்களில் தாய் தமிழோ வங்காளியோ தெலுங்கோ மட்டும் அறிந்தவள். மகள் ஹிந்தியும் ஆங்கிலமும் படிக்கிறவள். ரேஷன் அட்டை முதல் கப்பல் டிக்கெட் வரை வீட்டுக்கு வரும் காகிதங்களைப் படித்துச் சொல்வது மகளின் வேலை. தேர்தல் காகிதமும் அவ்வாறே அவள் கை வழியாகத்தான் தாயை அடைகிறதா, அடைகிறதென்றால் அதில் எந்தப் பகுதி அடைகிறது, எது வழியில் உதிர்ந்துவிடுகிறது என்று ஒருவர் ஆராய்வாரானால், அந்தக் கட்டுரையை நான் ஆவலுடன் படிப்பேன்.

அறிவை எப்படி அளப்பது என்ற சங்கடத்தையும் சிறிது கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வாக்குச்சாவடிக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பெயர் சரிபார்த்து, இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார்கள். மறைப்புக்குள் சென்று, விரும்பிய சின்னத்துக்கு எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தியதும், பக்கத்தில் உள்ள ‘விவிபாட்’ பெட்டியின் கண்ணாடி வழியே ஒரு சீட்டு தெரிகிறது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். ஏழு விநாடி நின்று, பிறகு அது உள்ளே விழுந்துவிடும். தாம் போட்ட வோட்டு தாம் நினைத்தவருக்கே போயிற்று என்று வாக்காளர் கண்ணால் காணக் கிடைக்கும் அவகாசம் அந்த ஏழு விநாடிதான். அங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவர், பீப் ஒலி கேட்டவுடன் திரும்பி வந்துவிடுகிறார். ‘விவிபாட் பற்றி உங்களுக்குத் தெரியுமா’ என்று வினாத்தாளில் கேட்டால், தெரியும் என்ற விடைதான் பெருவாரியாக வரும். ‘பொத்தானை அழுத்திய பிறகு என்ன பார்த்தீர்கள், அதில் என்ன இருந்தது’ என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். வோட்டுப் போட்டீர்களா என்று கேட்டாலும், போடாதவர் சிலர் வெட்கப்பட்டுப் போட்டதாகவே சொல்வார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பதை மாணவர் கேட்கவே கூடாது. வோட்டின் ரகசியம் ஆராய்ச்சிக்கும் மேற்பட்டது.

கேட்கக் கூடாதவற்றைச் சொல்லும்போது இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2024 ஏப்ரல் 19ஆம் நாள், பெரிய நிக்கோபாரில் அமைந்த 411ஆம் எண் வாக்குச்சாவடியில் ஷோம்பென் குடியினர் ஏழு பேர் முதன்முறையாக வோட்டளித்தார்கள். 2025 ஜனவரியில் ஜாரவாக்களில் 19 பேருக்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்பட்டது. இச்செய்திகளைப் படித்த மாணவருக்கு இதையே பொருளாக எடுத்துக்கொள்ளும் ஆசை உண்டாவது இயற்கை. பழங்குடிப் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவர்களுடைய நிலத்துக்குள் அனுமதியின்றிப் புகுவதைத் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் சளியும் இருமலும்கூட அவர்களுக்கு ஆபத்து. நம் கேள்விகளைப் புரிந்துகொண்டு சம்மதம் தருவதற்கான பொதுப் பாஷையும் நம்மிடையே இல்லை. வோட்டு என்பது அவர்களுக்கு எப்பொருளில் சென்று சேர்ந்திருக்கிறது என்ற கேள்வி மிகப் பெரியது. ஆனால் அது ஒரு பருவத் தேர்வுக் கட்டுரைக்காகக் கேட்கத் தக்கதன்று. அந்த ஆசையை மாணவர் விட்டுவிட வேண்டும். விட மறுத்தால் அவருடைய ஆசிரியர் தடுக்க வேண்டும்.

மீதமிருப்பது எல்லாவற்றினும் வளமான நிலம். அது மாணவரின் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கார் நிக்கோபாரில் வளரும் இளைஞருக்குக் கிராமத் தலைவர் ‘கேப்டன்’. முதற் கேப்டன், இரண்டாங் கேப்டன் என்ற வரிசையும் அதற்கு மேலே பழங்குடிக் கவுன்சிலும் உண்டு. தெற்கு அந்தமானின் கிராமம் ஒன்றில் வசிப்பவர், உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கும், பிரதானுக்கும், பஞ்சாயத்து சமிதி உறுப்பினருக்கும், ஜில்லா பரிஷத் உறுப்பினருக்கும் தனித்தனியே வோட்டளிக்கிறார். சில மைல் தள்ளி நகரத்தில் வாழ்பவருக்கோ நகராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒரு வோட்டோடு உள்ளூர்த் தேர்தல் முடிந்துவிடுகிறது. இம்மூவரும் சேர்ந்து ஒரே எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூவரும் இல்லாத எம்.எல்.ஏ.யைப் பற்றிப் படித்தவர்கள். கல்லூரிக்கு வந்தால், 1967இல் தொடங்கிய போர்ட் பிளேர் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி நெடுங்காலம் இணைந்திருந்த பல்கலைக்கழகமோ புதுச்சேரியினுடையது. தீவுகளைப் போலவே ஒன்றியப் பிரதேசமான புதுச்சேரியில் மக்கள் தேர்ந்தெடுக்கும் முப்பது பேர் சட்டசபையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே சட்டப் பெயரின் கீழ் இத்தனை வேற்றுமை இருக்கையில், தீவின் முதல்முறை வாக்காளர் எந்த வோட்டு எதற்கு என்று குழம்புவதில் வியப்பென்ன? மக்களவைத் தேர்தலை நடத்துவது ஓர் ஆணையம், உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது வேறோர் ஆணையம் என்பதே பலருக்குத் தெரிந்திராது. ஸ்வீப் பிரசாரமோ, தேசம் முழுவதற்கும் பொதுவான வாசகங்களுடன்தான் இங்கேயும் வந்து இறங்குகிறது.

ஆகவே நான் ஒரு மாணவருக்குக் கேள்வி அமைத்துக் கொடுக்க நேர்ந்தால், அது இவ்வாறு இருக்கும்: கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் நகராட்சிப் பகுதியில் படிக்கும் அதே வகுப்பு மாணவரும், குடிதண்ணீர், சாலை, தீவுகளிடை ஓடும் கப்பல் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பானவர் யார், அவரைத் தம் வோட்டினால் மாற்ற முடியுமா என்பதைச் சொல்வதில் எவ்வாறு வேறுபடுகிறார்கள், பள்ளியின் தேர்தல் எழுத்தறிவுக் கழகத்தில் இருப்பது அந்த வேறுபாட்டைக் குறைக்கிறதா? கப்பலை நடத்துவது நிர்வாகத்தின் கப்பல் துறை. அதை நேரடியாக மாற்றும் வோட்டு தீவுவாசி கையில் இல்லை. இதைச் சரியாகச் சொல்லும் மாணவர் தம் ஆட்சிமுறையை அறிந்தவர், எம்.எல்.ஏ. என்று எழுதும் மாணவர் பாடநூலை அறிந்தவர். இந்த ஒரு விடையிலேயே இரண்டு அறிவுகளும் பிரிந்து தெரிந்துவிடும். கழகத்தில் சேர்ந்தவர்கள் முன்பே ஆர்வமுள்ளவர்களாக இருக்கக் கூடும் என்ற ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபமே. எனவே கழகக் கூட்டங்கள் தொடங்கும் முன் ஒருமுறையும், ஆண்டு முடிவில் மற்றொருமுறையும் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். தமிழ் வழியில் படிப்போருக்குத் தமிழிலும், ஹிந்தி வழியில் படிப்போருக்கு ஹிந்தியிலும் வினாக்கள் இருக்க வேண்டும். இல்லாவிடில் குடிமையியலை அளப்பதாக எண்ணி மொழியறிவை அளந்து முடிப்போம். இரண்டு பள்ளி, நான்கு வகுப்பு, ஒரு கல்வியாண்டு என்ற அளவு ஒரு மாணவரின் நடைக்கும் கைப்பணத்துக்கும் எட்டக்கூடியதே. ‘கழகம் ஒரு வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை’ என்ற விடை வந்தாலும் வீணில்லை. கழகத்தில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதை அந்த விடையே சொல்லும்.

தீவுகளில் பஞ்சாயத்துத் தேர்தலும் நகராட்சித் தேர்தலும் கடைசியாக 2022 மார்ச்சில் நடந்தன. அவற்றின் ஐந்தாண்டுக் காலம் 2027இல் நிறைவுறுகிறது. தேர்தல் அறிவிப்பு வந்து, ஒலிபெருக்கி கட்டிய பிறகு எடுக்கும் அளவு முன்னளவு ஆகாது. கல்லூரி ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: தலைப்புகளைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு முன்பாக, உங்கள் மாணவர்களில் இருவரை ஓர் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பி, அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம், ‘உங்கள் எம்.எல்.ஏ. யார்’ என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.